ஆல்ப்ஸ் நடையில் எதிர்ப்பட்டவை: உங்கள் அனுபவம் என்ன?

வரைபடப் பைத்தியம்:

சிகரத்தில் நின்று எடுத்த படங்கள் நம் எல்லோரிடமும் குவிந்து கிடக்கின்றன. இந்த இழையில் அவை வேண்டாம். ஆல்ப்ஸ் பாதைகளில் நடக்கும்போது உங்கள் எதிரே வந்தது எது? ஆடோ, மாடோ, ஆளோ, இடியோ, எதுவானாலும் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் இண்டர்லாக்கன் பக்கம் ஆக்ஸ்ட்மாட்ஹார்ன் என்று ஒரு முகடு. உயரம் 2,137 மீட்டர்தான். எதிரே ஐகரும் யுங்ஃபிராவும் நிற்கும்போது இதைச் சிகரம் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் ஐபெக்ஸ் மலையாடுகளைப் பார்க்க இதைவிடச் சுலபமான இடம் எனக்குத் தெரியாது. விடியற்காலையில் லோம்பாக்ஆல்ப்பிலிருந்து ஏறினேன். மரங்கள் முடிந்து முகட்டு விளிம்பு தொடங்கியதும் பாதை ஒற்றையடியாகிவிடுகிறது. ஒரு பக்கம் செங்குத்தான புல்சரிவு, மறு பக்கம் வெகு கீழே பிரியன்ஸ் ஏரி. அந்தப் பாதையின் நட்டநடுவில் ஒரு கிடா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொம்பு முக்கால் மீட்டருக்குக் குறையாது.

என்ன செய்வது? நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒருவர்கூடக் கை தட்டவில்லை, கல்லை உருட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து அது எழுந்து, சோம்பல் முறித்து, நாங்கள் எட்டிப் பார்க்கவே பயந்த சரிவில் சாதாரணமாக இறங்கிப் போனது. குளம்பின் விளிம்பு கடினமாகவும் உள்பகுதி மெத்தென்றும் இருப்பதால்தான் பாறையில் அப்படிப் பிடிப்பு கிடைக்கிறதாம்.

இந்த ஆடுகள் இன்று இங்கே இருப்பதே ஒரு கடத்தலால்தான். 19-ஆம் நூற்றாண்டில் வேட்டையாடி வேட்டையாடி ஆல்ப்ஸ் முழுக்க ஐபெக்ஸை ஒழித்துவிட்டார்கள். இத்தாலியில் கிரான் பாரடிசோ மலைப்பகுதியில் மட்டும் கொஞ்சம் மிஞ்சின. அதுவும் எப்படி? மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் 1856-இல் அந்த இடத்தைத் தனக்கு மட்டுமான வேட்டைக்காடாக ஒதுக்கிக்கொண்டார். மற்றவர்கள் சுடக் கூடாது என்றானதால் அவை பிழைத்தன. பிற்பாடு சுவிஸ்காரர்கள் முறையாகக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் என்ன, 1906-இல் குட்டிகளைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கொண்டுவந்து, செயின்ட் காலன் நகரத்துப் பூங்கா ஒன்றில் வளர்த்து, 1911-இல் மலையில் விட்டார்கள். இன்று ஆல்ப்ஸில் எங்கே ஐபெக்ஸைப் பார்த்தாலும் அது அந்தக் கிரான் பாரடிசோ மந்தையின் வாரிசுதான்.

கால்நடை:

ஐபெக்ஸ் சாது. எனக்குப் பயம் மாட்டிடம்தான். சிரிக்காதீர்கள்.

ஆஸ்திரியாவில் டிரோல் மாநிலத்து ஸ்டூபாய் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்தேன். கோடையில் மாடுகளை மேலே மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவார்கள். நடைபாதை பல இடங்களில் மேய்ச்சல் நிலத்துக்கு ஊடாகவே போகிறது. வேலிக் கதவைத் திறந்து உள்ளே போய் மூடிவிட்டுத் திரும்பினால், பாதையை அடைத்துக்கொண்டு பசுக்கள். பக்கத்தில் கன்றுகள். ஒரு பசு தலையைத் தாழ்த்தி என்னையே பார்த்தது. மேய்ச்சல்காரர் ஒருவர் மேலிருந்து கையை வீசி, சரிவோடு பெரிதாகச் சுற்றி வரச் சொன்னார். சுற்றினேன். முள்ளும் சேறும்தான், ஆனால் பசு தலையை நிமிர்த்திக்கொண்டது.

இதே ஸ்டூபாயின் கிளைப் பள்ளத்தாக்கான பின்னிஸில்தான் 2014-இல் நாயோடு வந்த ஒரு பெண்ணைத் தாய்ப்பசுக்கள் மிதித்துக் கொன்றன. நாயின் கயிற்றை அவர் இடுப்போடு கட்டியிருந்தார். வழக்கு பல வருடம் நடந்தது. கடைசியில் 2020-இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பண்ணைக்காரருக்கும் இறந்தவருக்குமாகச் சரிபாதி பிரித்தது. கன்று வைத்திருக்கும் பசுவுக்கு நாய் என்றால் ஓநாய்தான். அதனால் அங்கே எல்லோரும் சொல்வது: மந்தைக்குப் பக்கத்தில் நாயைக் கட்டியே பிடியுங்கள், ஆனால் மாடு பாய்ந்து வந்தால் அந்த நொடியே கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும், மாடும் அதன் பின்னால் போகும். நாய் இல்லாதவர்களும் கன்றைத் தடவிக்கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

மூட்டுவலி மாமா:

நான் எதிர்கொண்டது பனி. சுவிட்சர்லாந்தில் ஷினிகெ பிளாட்டெயிலிருந்து ஃபவுல்ஹார்ன் வழியாக ஃபிர்ஸ்ட் போகும் பாதை. சுமார் 16 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். மேலே போக 1893-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில் இருப்பதால் ஏற்றத்தில் பெரும்பகுதி மிச்சம். என் மூட்டுக்கு அந்த ரயில் ஒரு வரம்.

ஜூலைத் தொடக்கம். புல்லில் பூக்கள், வெயில், எல்லாம் சரி. ஒரு வளைவு திரும்பினால் நிழல் விழும் வடக்குச் சரிவில் போன குளிர்காலத்துப் பனி பாதையை மூடிக் கிடக்கிறது. காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், கால் வைத்தால் கீழே பாறை வரைக்கும் நிற்காது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த இருவரும் அதே இடத்தில் நின்றார்கள். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். கத்திக் கத்தி நலம் விசாரித்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் வெயில் பட்டுப் பனி கொஞ்சம் இளகியதும் அவர்கள் குதிகாலால் படி வெட்டிக்கொண்டே வந்தார்கள், நான் அதே படிகளில் போனேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று. சுவிஸ் பாதைப் பலகைகளில் மஞ்சள் என்றால் சாதாரண நடை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைப்பாதை, அடி தவறாமல் நடக்கத் தெரிய வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை வந்தால் பனியாறு, பாறை ஏற்றம் எல்லாம் இருக்கலாம், என்னைப் போன்றவர்கள் திரும்பிவிடலாம். பலகையில் தூரம் போடமாட்டார்கள், நேரம்தான். அதில் நின்று மூச்சு வாங்கும் நேரம் சேர்க்கப்படுவதில்லை என்பதை என் மூட்டு கண்டுபிடித்தது.

சும்மா நடப்பவன்:

இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகள், டிரே சீமே. மூன்று பாறைக் கோபுரங்கள், நடுவில் உள்ளது 2,999 மீட்டர். ஒரு மீட்டர் குறைந்துபோனதில் எனக்கு இன்னும் வருத்தம். சுற்றி வரும் பாதை சுமார் 10 கிலோமீட்டர், கூட்டம் அலைமோதும். கூட்டத்திலிருந்து தப்பிக்கவே பக்கத்திலுள்ள பட்டேர்னோ மலையின் சுரங்கத்துக்குப் போனேன். முதல் உலகப்போரில் 1915 முதல் 1917 வரை இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் இந்த முகடுகளில்தான் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. பாறையைக் குடைந்து இத்தாலிய வீரர்கள் போட்ட வழி அது. ஹெல்மெட்டும் தலைவிளக்கும் இல்லாமல் நுழையக் கூடாது. சுவரில் வெட்டிய சன்னல் போன்ற ஓட்டைகள் வழியே மூன்று கோபுரங்களும் தெரியும்.

காலையிலேயே தங்கும் குடிலின் பொறுப்பாளர், "மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார். வானம் அப்போது துடைத்த நீலம். ஆனால் கோடையில் சரிவுகள் சூடாகி, ஈரக் காற்று மேலெழும்பி, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்வது அங்கே வாடிக்கை. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தபோது மேற்கே கறுத்துவிட்டது. முகட்டுப் பாதையில் பிடித்து நடக்கக் கட்டிய எஃகுக் கயிறு வேறு. மின்னலுக்கு அதைவிட நல்ல வழி ஏது? மேலே போகாமல் நேராக இறங்கிவிட்டேன். குடில் வாசலை எட்டியதும் முதல் இடி.

அங்கே திண்ணையில் ரொட்டியை எடுத்தேன். மஞ்சள் அலகுக் காகம் ஒன்று வந்து பாதியை வாங்கிக்கொண்டு போனது. அனுமதி கேட்கவில்லை.

மழைக்குருவி:

இடி இடித்தது என்றீர்களே, மழைக்குப் பிறகு பாதையைப் பார்த்தீர்களா? எனக்கு எதிர்ப்பட்டது விரல் நீளத்தில் ஒரு கறுப்பு சாலமாண்டர். மழை விட்டதும்தான் வெளியே வரும். தண்ணீரில் முட்டையிடாமல் நேராகக் குட்டி போடும், பெரும்பாலும் இரண்டுதான். கர்ப்பகாலம் இரண்டு மூன்று வருடம்! யானையே தோற்றது. தோலில் நஞ்சு உண்டு, தொட வேண்டாம். மிதித்துவிடாமல் நடந்தால் போதும்.

வரைபடப் பைத்தியம்:

பிரெஞ்சுப் பக்கம் போனவர்கள் யாராவது? அங்கே ஆட்டு மந்தைக் காவல் நாய்கள் பற்றி ரொம்பக் கேள்விப்படுகிறேன்.

தெற்குச்சரிவு:

பட்டூ என்பார்கள். வெள்ளையாக, பெரிதாக, பார்த்தால் ஆடு என்றே தோன்றும். அசையும்போதுதான் தெரியும். மெர்காந்தூர் தேசியப் பூங்காவில் 1992-இல் ஓநாய்கள் இத்தாலியிலிருந்து தாமாகவே திரும்பி வந்தது உறுதியானது. அதன் பிறகு மேய்ப்பர்களுக்கு இந்த நாய்கள் இல்லாமல் முடிவதில்லை. அதே மெர்காந்தூரில்தான் நானும் பார்த்தேன். முதலில் குரைப்பு, பிறகு இரண்டு நாய்கள் நேராக ஓடி வந்தன. ஓடாமல் நின்றேன். ஊன்றுகோலை உயர்த்தவே இல்லை, தரையோடு வைத்துக்கொண்டேன். கண்ணுக்குக் கண் பார்க்காமல் சாதாரணக் குரலில் ஏதோ பேசினேன், தமிழில்தான். முகர்ந்து பார்த்தன. மந்தையை விட்டு விலகி நான் சுற்றத் தொடங்கியதும் ஒன்று திரும்பிப் போனது. இன்னொன்று மந்தையின் எல்லை தாண்டும் வரை கூடவே வந்து, வழியனுப்பிவிட்டுத்தான் போனது.

கால்நடை:

குடில் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விஷயம். குடிலுக்குள் பூட்ஸ் போடக் கூடாது, வாசல் அலமாரியில் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் தரும் செருப்பைப் போட வேண்டும். பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். வரிசையாகப் போட்ட மெத்தைகளில் முன்பின் தெரியாதவர்களின் குறட்டைக்கு நடுவே தூங்கி எழுந்து பார்த்தால், என் பூட்ஸ் இல்லை. அதே கம்பெனி, அதே நிறம், இரண்டு அளவு சிறியதாக வேறொரு ஜோடி இருக்கிறது. யாரோ இருட்டில் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு அளவு பெரிய பூட்ஸில் ஒருவர் எப்படி மலை இறங்கினார் என்பது இன்றுவரை எனக்குப் புதிர். பொறுப்பாளர் அடுத்த குடிலுக்கு போன் செய்தார். ஆள் அங்கே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாராம். மேலே ஏறி வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். மத்தியானம் வரை குடில் செருப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். இப்போது பூட்ஸ் நாடாவில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.