கீரிமலைக் கேணியும் எங்கள் மாவிட்டபுரமும்

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்கு வந்து போனவர்கள் கடற்கரையைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறீர்கள். படிக்க மகிழ்ச்சிதான். ஆனால் கரைக்குப் பின்னால், சைக்கிளில் கால் மணி நேரத் தொலைவில் எங்கள் மாவிட்டபுரம் இருக்கிறது. அதைப் பாராமல் திரும்பினால் கரையின் கதை பாதிதான்.

2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டு நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய சில வாரங்களில், எங்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஓர் இளம் தம்பதியைக் கண்டேன். முதல் நாள்தான் கப்பலில் வந்திறங்கியிருந்தார்கள். "அக்கா, கீரிமலைக்கு எந்தப் பக்கம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். வழி சொல்லி அனுப்ப மனம் வரவில்லை; நானும் கூடவே போனேன்.

கீரிமலையில் கடலோரமாகவே நன்னீர் ஊற்றுக் கேணிகள் உண்டு. பெண்கள் கேணி மதிலுக்குள் இருக்கிறது. கடல் தெரியாது, அலைச்சத்தம் மட்டும் கேட்கும். படியில் குனிந்து ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உப்புக் கரிக்கவில்லையே அக்கா!" இன்னொரு கை அள்ளினாள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது என்றேன். ஊருக்குள் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கி, நிலத்துக்கடியில் ஓடி, இங்கே வந்து ஊறுகிறது. நீ குடிப்பது எங்கள் வளவுகளில் பெய்த மழை என்றேன்.

பிறகு மாருதப்புரவீகவல்லியின் கதையைச் சொன்னேன். குதிரைமுகத்தோடு சோழநாட்டிலிருந்து வந்த இளவரசி இந்த ஊற்றில் நீராடி முகம் மாறினாள் என்பது ஐதீகம். மா என்றால் குதிரை; மா விட்ட புரம் என்ற பெயர் அப்படி வந்தது. அவள் எழுப்பிய எங்கள் கந்தசுவாமி கோயிலுக்காக, காங்கேயன் எனப்படும் முருகன் சிலை கடல் கடந்து வந்திறங்கிய துறைதான் காங்கேசன்துறை. "அப்படியென்றால் அவளும் எங்கள் பக்கத்திலிருந்து வந்தவள்தானே" என்றாள் அந்தப் பெண். பக்கத்திலிருக்கும் நகுலேஸ்வரம் சிவன் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்ததையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மீண்டும் எழுந்ததையும் நடந்தபடியே சொல்லி முடித்தேன்.

திரும்பும் வழியில் அவள் கணவர் சீமெந்து ஆலையின் சிதைவைக் காட்டி அது என்னவென்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. 1950 இல் தொடங்கிய அந்த ஆலையில்தான் என் அப்பப்பா வேலை செய்தார். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவமயிரெல்லாம் வெள்ளையாக இருக்கும். கிணற்றடியில் அவர் முகம் கழுவி முடிக்கும்வரை துவாயோடு காத்து நிற்பேன். 1990 இல் போரால் ஆலை நின்றது, யாழ்தேவி ரயில் நின்றது, நாங்களும் ஒரே இரவில் மானிப்பாய்க்கு இடம்பெயர்ந்தோம். காங்கேசன்துறைக்கு ரயில் திரும்பியது 2015 ஜனவரியில்தான். அப்பப்பா அதைக் காணவில்லை.

கேணிக்கு நீரைக் கொண்டுவரும் அதே சுண்ணாம்புக்கல்லைத்தான் ஆலைக்காகவும் வெட்டினார்கள். வெட்டிய பள்ளங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. அவற்றைத் தோண்டுவதற்கு முன் அங்கே தோட்டம் இருந்ததா, வீடுகள் இருந்தனவா என்று அப்பப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. அந்த மண்ணில் கால் வைத்து நடந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.