பீடி ஆய்வு என்னுடையது, கட்டுரையில் பெயர் தாளாளர் மகனுக்கு. என்ன செய்யலாம்?

முக்கூடல்காரி:
பிஎச்டி மூன்றாம் வருடம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் கூலியும் பிஎஃப்பும்தான் என் ஆய்வு. அம்மாவும் பீடி சுற்றுகிறவள், அதனால்தான் வெளியாளிடம் வாயே திறக்காதவர்கள் என்னிடம் பீடிக்கடையில் கொடுக்கும் கணக்குப் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார்கள். கூடப் படிக்கிறவன் ஒரு தாளாளர் மகன், அந்தத் தெருக்களில் கால் வைத்ததே இல்லை. படித்துப் பார்த்துத் தருகிறேன் என்று என் எக்செல்லையும் இரண்டாம் அத்தியாயத்தையும் மெயிலில் வாங்கினான். இப்போது கட்டுரையாக வந்துவிட்டது. முதல் பெயர் அவன், அடுத்து எங்கள் நெறியாளர், நான் நன்றியுரையில் 'தரவு சேகரிக்க உதவியவர்'. சாரிடம் கேட்டால், "அடுத்த கட்டுரையில் பார்த்துக்கலாம்மா" என்கிறார். என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

சந்திப்பிள்ளையார்:
பட்டத்தை வாங்கிவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், நமக்கு பஸ் பாஸ்தான் இருக்கிறது.

பாளை அண்ணாச்சி:
அதுவரைக்கும் பொறுத்தால் பட்டமே கிடைக்காது, தங்கச்சி. சமர்ப்பிக்கும்போது ஆய்வேட்டை, ஏற்கெனவே வந்த எழுத்தோடு ஒப்பிடும் மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 40 தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திக் கொடுக்கவும் முடியாது, 60 தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் அத்தியாயம் அவன் பெயரில் முந்தி வந்துவிட்டதால் மென்பொருள் கணக்கில் நீங்கள்தான் திருடி! மெயில் போன தேதி, கள நோட்டு, பழைய வரைவுகள் எல்லாவற்றையும் இன்றைக்கே கல்லூரிக் கணக்குக்கு வெளியே நகல் எடுங்கள்.

ஆலங்குளம்:
பாஸ்புக் இல்லாதவள் அடுத்தவள் பேரில் பீடி சுற்றிக் கொடுப்பாள், பிஎஃப் அவளுக்குப் போகும். அதை ஆராயப் போன பிள்ளைக்கும் அதே கதி. வயிறு எரிகிறது.
இதழாசிரியருக்கு எழுதுங்கள், ஆனால் யார் ஆசிரியர் என்று பெரும்பாலும் அவர்களே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்திடம் கேட்பார்கள். எழுத்துத் திருட்டை விசாரிக்கும் துறைக் குழுவுக்குத் தலைவர் துறைத்தலைவர்தான், அவர் யார் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். நிறுவன அளவிலான குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

முக்கூடல்காரி:
சரி, திங்கள் கொடுத்துவிடுகிறேன். பாஸ்புக் போட்டோக்களையும் சேர்க்கலாமா? பெயர் வெளியே வராது என்று சொல்லித்தான் எடுத்தேன்.

பாளை அண்ணாச்சி:
வேண்டாம். பீடிக்கடைக்காரர் காதுக்குப் போனால் அந்தப் பெண்களுக்குச் சுற்ற இலை, தூள் கிடைக்காது. மெயிலும் நோட்டும் போதும், நோட்டிலும் பெயர்களை மறைத்துவிட்டு நகல் எடுங்கள்.