புதுப்பிப்பு: மேல்தள அறையின் வெக்கைக்குக் காரணம் அடைபட்ட காற்றுவழி

மேல்தள அறை இரவு வெகுநேரம் வரை வெக்கையாக இருப்பதையும் ஏசி ஓயாமல் ஓடுவதையும் சொல்லி, சாய்வுக் கூரைக்கு அடியில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி, ஃபேன் தேவைப்படவில்லை.

பலனளித்தது, காற்று உள்ளே வர வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்ன யோசனைதான். கூரையின் உச்சியில் சூடான காற்று வெளியேறும் முகட்டுத் திறப்புகள் சரியாகவே இருந்தன. ஆனால் சீலிங்கின் மேல் வெப்பத் தடுப்புக்காக விரித்திருந்த கண்ணாடிக் கம்பளி, கூரையின் கீழ் விளிம்பில் காற்று உள்ளே வருவதற்கான இறவாணத்துத் துளைகளை முற்றிலும் அடைத்திருந்தது. பகலில் விளக்கை அணைத்துப் பார்த்தபோது ஓரங்களில் ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. கம்பளியைப் பின்னுக்குத் தள்ளி, அது மீண்டும் சரியாதபடி சட்டங்களுக்கு இடையே தடுப்புத் தட்டிகளை அடித்து, கூரையை ஒட்டி சுமார் 2 அங்குலக் காற்றுவழி விட்டோம். சீலிங் பரப்பில் 300-இல் ஒரு பங்கு திறப்பு, அதில் பாதி கீழே என்பது பொதுவான கணக்கு; பூச்சிவலை மறைக்கும் பரப்பை இதில் கழித்துவிட வேண்டும்.

சீலிங் விளக்குகளைச் சுற்றியிருந்த இடைவெளிகளையும் சீலன்ட் கொண்டு அடைத்தோம். அவற்றை அப்படியே விட்டு ஃபேன் மாட்டியிருந்தால், ஏசி குளிர்வித்த காற்றையே அது மேலே இழுத்திருக்கும்.

எதிர்பாராதது ஒன்று: குளியலறை ஃபேனின் குழாய் கூரைக்கு அடியிலேயே முடிந்து, அதன் வாய்க்கு எதிரே இருந்த மரச்சட்டம் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. குழாயை வெளியே நீட்டிவிட்டோம்.

இப்போது பொழுது சாய்ந்ததும் அறை தணிகிறது, ஏசியும் விட்டுவிட்டே ஓடுகிறது. உச்சிவெயிலில் மட்டும் வேறுபாடு குறைவு. அதற்குக் கம்பளியின் தடிமனைக் கூட்ட வேண்டும்.