வீட்டில பாட்டு, மிருதங்கம் ரெக்கோர்டிங்: மைக்கில சத்தம் வரேல்ல (அவசரம்)

சங்கானைப் பொடியன்: வணக்கம். தங்கச்சி பாட்டு, நான் வயலின், மிருதங்கத்துக்கு ஒரு அண்ணை வாறவர், வீட்டுக் கொம்பியூட்டரிலயே ரெக்கோர்ட் பண்ணுவம் எண்டு நல்ல மைக்கா பாத்து வாங்கினன், கொழுவினா ஒண்டும் கேக்கேல்ல, வொலியூமை முழுக்க ஏத்தினா இரைச்சல்தான் வருது. வேற மைக் வாங்கோணுமோ? கெதியா சொல்லுங்கோ.

கோண்டாவில்: என்ன மைக்? எதில கொழுவினனீங்கள்? லப்ரொப்போ டெஸ்க்டொப்போ? ஒண்டும் சொல்லாட்டி நாங்கள் சாத்திரமே பாக்கிறது?

தவில்வீடு: உது கறண்ட் பிரச்சினை. எர்த் சரியில்லாட்டி 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வரும். சார்ஜரைக் கழட்டிப்போட்டு பற்றரியில ஓட்டிப் பாருங்கோ.

பழையகை: முதல்ல டைனமிக் எது, கொண்டென்சர் எது எண்டு படிச்சிட்டு வாங்கோ தம்பி. கடைக்குப் பிறகு போகலாம்.

சங்கானைப் பொடியன்: டெஸ்க்டொப். ஓடியோ டெக்னிக்கா ஏடி2020. பின்னால றோஸ் கலர் ஓட்டையில கொழுவினன், வயர் கடைக்காரர் தந்தது.

மானிப்பாய் கீபோட்: இப்ப விளங்குது. மைக்கில பிழையில்ல. அது கொண்டென்சர், எண்டா வெளியால கறண்ட் குடுத்தாத்தான் வேலை செய்யிற மைக், அதுக்கு 48 வோல்ட் வேணும், றோஸ் ஓட்டையில வாறது ரண்டு மூண்டு வோல்ட், சட்டையில குத்துற சின்ன மைக்குக்குத்தான் காணும். ஓடியோ இன்ரர்பேஸ் ஒண்டு எடுங்கோ, மைக்குக்குக் கறண்டும் குடுத்து சத்தத்தைக் கொம்பியூட்டருக்கு அனுப்பிற பெட்டி அது. ஸ்கார்லெட் சோலோ வேண்டாம், அதில ஒரு மைக்தான் கொழுவலாம், மற்ற ஓட்டை கிற்றாருக்கு. ஸ்கார்லெட் 2ஐ2 இல்லாட்டி பெரிங்கர் யுஎம்சி204எச்டி எண்டா ரண்டு மைக். மூண்டு பேரும் ஒண்டா இருந்து, மிருதங்கத்தின்ர வலந்தலைக்கும் தொப்பிக்கும் (வலப்பக்கம், இடப்பக்கம்) வேற வேற மைக் வைக்கிறதெண்டா யுஎம்சி404எச்டி, நாலு மைக். ரெக்கோர்டிங்கை 24 பிட்டில வையுங்கோ, உச்சத்தில பாடேக்கயும் மீற்றர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமப் பாருங்கோ.

தவில்வீடு: ஷூர் எஸ்எம்57 டைனமிக் மைக், அதை எடுத்தா 48 வோல்ட்டே தேவையில்ல. தகரக் கூரையும் பக்கத்தில கோயில் ஸ்பீக்கருமா இருந்தா கொண்டென்சர் காகம் கத்திறதையும் சேத்துப் பிடிக்கும்.

மானிப்பாய் கீபோட்: எஸ்எம்57க்கும் சத்தத்தைக் கூட்டிக் குடுக்கிற ப்ரீஆம்ப் வேணும் அண்ணை, றோஸ் ஓட்டை அதுக்கும் காணாது.

பழையகை: வீட்டு ரெக்கோர்டிங்குக்கு நாலு மைக் என்னத்துக்கு? சுருதியை ஹெட்போனில விட்டு முதல்ல பாட்டு, பிறகு வயலின், பிறகு மிருதங்கம். ஒவ்வொண்டா எடுக்கிறதுதானே.

தவில்வீடு: கீர்த்தனை மட்டும் எண்டா சரி. அந்த இடத்திலயே கற்பனையாப் பாடுற நிரவலுக்கும் சுரத்துக்கும் என்ன செய்வியள்? பாடுறவவின்ர முகத்தைப் பாத்தெல்லோ மிருதங்கக்காரர் முத்தாய்ப்பு வைச்சு முடிக்கிறவர். நேற்றுப் பாடினதுக்கு இண்டைக்குத் தனிய இருந்து அடிச்சா அது கச்சேரியோ?

பழையகை: சினிமாப் பாட்டெல்லாம் அப்பிடித்தான் எடுக்கினம்.

தவில்வீடு: அதைத்தான் நானும் சொல்லுறன்.

கோண்டாவில்: ரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ, பொடியனைக் காணேல்ல.

சங்கானைப் பொடியன்: 2ஐ2 எடுத்திட்டன். 48 வோல்ட் பட்டனை அமத்தின உடன சத்தம் வந்திட்டுது. நன்றி மானிப்பாய் அண்ணை.

கோண்டாவில்: நல்லம். மிருதங்கத்துக்கு என்ன மைக் எடுத்தனீங்கள்? ஒண்டா வாசிச்சதோ, தனித்தனியவோ?

தவில்வீடு: ஓம் தம்பி, அதைச் சொல்லுங்கோ.