எங்கள் பூட்டி நிற்கும் பழைய படம்: மருத்துவரின் சீருடையைக் கொண்டு காலத்தை அறிய முடியுமா?

உப்புவெளியாள்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மாச்சியின் ட்ரங்குப் பெட்டிக்குள் தோல் அட்டை போட்ட பழைய அல்பம் ஒன்று இருந்தது. அம்மாச்சியின் தாயார் திருமணத்துக்கு முன்னர் திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரப் படைமருத்துவர் வீட்டில் ஆயாவாக இருந்தார் என்றும், அக்குடும்பம் கப்பலேறியபோது கொடுத்துச் சென்ற அல்பமே இது என்றும் வீட்டில் சொல்வார்கள். ஒரு படத்தில் மருத்துவர் சீருடையுடன் பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்க, அருகில் மனைவியும், ஓரத்தில் கைக்குழந்தையை ஏந்தியபடி எங்கள் பூட்டியும் நிற்கிறார்கள். அல்பத் தாளின் சட்டம் பூட்டியின் ஒரு பக்கத்தை மறைக்கிறது. மருத்துவரின் சட்டைக் கையில் மூன்று வெளிர்நிறப் பட்டிகளும் அவற்றுக்கிடையே கறுப்புத் துணியும் தெரிகின்றன. அவர் தரைப்படையினரா, கடற்படையினரா? படம் எக்காலத்தது? அட்டையைப் பிரித்துப் பார்க்கலாமா?

பழம்படப்பிரியர்:
தங்கச்சி, அந்தக் கறுப்பு பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். அக்காலக் கண்ணாடித் தகடுகள் சிவப்பு ஒளியை ஏற்காதபடியால் சிவப்புத் துணி படத்தில் கறுப்பாகவே விழும். பொற்சரிகைப் பட்டிகளுக்கிடையே சிவப்பு வைத்துத் தைப்பது பிரித்தானியக் கடற்படை மருத்துவர்களின் அடையாளம். மூன்று பட்டி என்றால் 'ஃப்ளீட் சேர்ஜன்' தரம். அந்தப் பதவிப்பெயர் 1875 முதல் 1918 வரையே வழக்கில் இருந்தது. மேற்பட்டியில் வளையம் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். மருத்துவர்களுக்கு அந்த வளையம் 1918 இல்தான் கிடைத்தது.

கோட்டையடி:
திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டையில் தரைப்படை மருத்துவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கைப்பட்டி இப்படி இராது. இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். எங்கள் ஊரின் கடற்படைத் தளம் 1905 இல் மூடப்பட்டு, பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் மறுபடி பெருந்தளமானது. குடும்பத்தோடு இங்கே வீடு எடுத்துத் தங்கிய மருத்துவர் என்றால் மூடலுக்கு முந்தியவர் என்பதே என் எண்ணம். பெயர் தெரிந்தால் கடற்படை அதிகாரிகளின் பெயர்ப்பட்டியலான 'நேவி லிஸ்ட்' நூலின் அக்காலப் பதிப்புகளில் தேடலாம். குழந்தையின் தொப்பியில் கப்பற்பெயர் ஏதும் இருந்தால் அதை நம்ப வேண்டாம். அத்தகைய தொப்பிகள் கடைகளில் விற்கப்பட்டவை.

பழம்படப்பிரியர்:
படத்தை அட்டையிலிருந்து உரிக்கவே வேண்டாம், ஈரத்துணியும் ஆகாது. ஆனால் சட்டம் வைத்த அல்பங்களில் அட்டை ஒட்டப்பட்டிருக்காது, தாளின் கீழ்ப்பக்கத்தில் உள்ள பிளவு வழியாகச் செருகப்பட்டிருக்கும். மெல்லிய கடதாசி ஒன்றை உள்ளே விட்டு, தடையில்லை என்று கண்டபின் மெதுவாக இழுங்கள். இழுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள்.

உப்புவெளியாள்:
மிக்க நன்றி. வளையம் இல்லை, மூன்று பட்டிகளும் நேராகவே ஓடுகின்றன. அட்டை இடையூறின்றி வெளியே வந்தது. பின்புறத்தில் இருந்த ஸ்டூடியோப் பெயரை வெள்ளிப்பூச்சி அரித்துவிட்டது. 'கொழும்பு' மட்டும் எஞ்சியிருக்கிறது. சட்டம் மறைத்திருந்த விரற்கடை அகலப் பகுதி வெளிச்சம் படாததால் மற்ற இடங்களைப்போல் வெளிறாமல் கடும் பழுப்பாகவே இருக்கிறது. அந்தப் பட்டைக்குள் பூட்டியின் இடக்கை, இரண்டு வளையல்களுடன், குழந்தையின் சட்டை நாடாவைப் பிடித்திருப்பது தெளிவாகத் தெரிகிறது.