புதன்கிழமை இரவு எட்டு மணி: பினாக்கா கீத்மாலா கேட்டவர்களின் அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்:

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, இந்தித் திரைப்பாடல்களை வாராவாரம் வரிசைப்படுத்திய வானொலி நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலாவின் தரவரிசையை 1970 முதல் 1973 வரை நான் வாரத்துக்கு ஒரு பக்கமாக எழுதி வைத்திருந்த 192 பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் புதன்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு அந்த நிகழ்ச்சி வரும். 1965 மொழிப் போராட்டத்தில் பள்ளியைப் புறக்கணித்து ஊர்வலம் போன பையன், ஐந்தே ஆண்டுகளில் சிற்றலையில் இந்திப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்ததை என் தந்தையார் கடைசிவரை சொல்லிக் காட்டினார்.

எனக்கு இந்தி தெரியாது; காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு பாடலுக்கும் முன்பு நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் அமீன் சயானி 'பாய்தான்' என்பார். எங்கள் தெருவில் முஸ்லிம் பெரியவர்களைப் 'பாய்' என்றே அழைப்போமாதலால், அவர் தம்மைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அச்சொல்லுக்குப் படி என்று பொருள் என்பதும், பாடல் எந்தப் படியில் நிற்கிறது என்பதையே அவர் அறிவித்தார் என்பதும் கல்லூரியில் உடன் படித்த மார்வாரி நண்பர் சொல்லித்தான் தெரிந்தன. இந்தியில் எண்களை நான் கற்றதே இந்த நிகழ்ச்சியில்தான், அதுவும் கடைசி இடத்திலிருந்து முதலிடம் நோக்கித் தலைகீழாக.

எங்கள் வால்வு வானொலி சூடேறிப் பேசத் தொடங்கவே ஒரு நிமிடம் ஆகும் என்பதால் ஏழேமுக்காலுக்கே போட்டுவிடுவேன். 41 மீட்டர் சிற்றலை வரிசையில் நிலையம் காட்டும் முள்ளை மயிரிழை நகர்த்தினாலும் நிலையம் போய்விடும். 1972 ஆண்டிறுதி நிகழ்ச்சியில் இரண்டாம் இடம்வரை தெளிவாகக் கேட்ட ஒலி, முதலிடத்தை அறிவிக்கும் நேரத்தில் அலையடித்துக்கொண்டே போய் அடங்கிவிட்டது. மொட்டை மாடிக்கு ஓடி ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு வருவதற்குள் பாட்டே முடிந்திருந்தது. மறுநாள் நண்பரிடம் கேட்டு, ஆஷா போஸ்லே பாடிய 'தம் மாரோ தம்' என்று வேறு மையில் எழுதினேன்.

ஒரு சந்தேகம். சில வாரங்களில் பாட்டுக்கு முன்பு எக்காளம் போன்ற ஓசை கேட்கும். அது என்ன?

மாட்டுங்கா உறுப்பினர்:

வணக்கம் ஐயா. நான் பம்பாயில் பிறந்து வளர்ந்தவன். கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகி நீங்கள் கேட்ட அந்த நிகழ்ச்சி எங்கள் ஊரில்தான் ஒலிப்பதிவாயிற்று; நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஒலிபரப்பாகி எங்களிடமே திரும்பி வந்தன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒலிபரப்புத் துறை அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியதன் பலன் அது. 1957இல் அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களுக்கு இடமளித்து விவித பாரதி என்ற சேவையைத் தொடங்கிய பிறகும் எங்கள் கட்டடத்தில் புதன்கிழமைப் பழக்கம் மாறவில்லை.

தரவரிசைக்கு இசைத்தட்டு விற்பனையே முதல் அடிப்படை. ஆனால் நன்றாக விற்கும் தட்டு கடையில் தீர்ந்துபோனால், அதன் விற்பனைக் கணக்கும் விழுந்துவிடும் அல்லவா? அதை ஈடுகட்டவே நேயர் மன்றங்களின் வாக்குகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் கட்டடத்துப் பையன்கள் பன்னிரண்டு பேர் அப்படி ஒரு மன்றம் வைத்திருந்தோம். 1973இல் மன்னா டே பாடிய 'யாரீ ஹை ஈமான் மேரா' பாடலுக்கு வாக்களிப்பதா வேண்டாமா என்று மாடிப்படியில் உட்கார்ந்து சண்டையிட்டு, ஏழுக்கு ஐந்து என்று முடிவு செய்து அஞ்சலட்டை போட்டோம். அந்த ஆண்டின் முதலிடம் அதற்குத்தான் கிடைத்தது. எங்கள் ஏழு வாக்குகளால்தான் கிடைத்தது என்று இன்றும் இருவர் வாதாடுகிறார்கள். எதிர்த்து வாக்களித்த ஐவரில் நானும் ஒருவன் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

எக்காளத்துக்கு வருகிறேன். நெடுநாள் பட்டியலில் நீடித்த பாடலுக்கு 'சர்தாஜ் கீத்' என்று முடிசூட்டி, அத்துடன் ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஊதிய ஊதல்தான் தாங்கள் கேட்டது.

திருச்சி உறுப்பினர்:

மிக்க நன்றி. நோட்டை மறுபடி புரட்டினேன். ஐந்து இடங்களில் ஓரத்தில் பென்சிலால் 'வேறு நிலையத்தின் குறுக்கீடு' என்று குறித்திருக்கிறேன். அவற்றில் மூன்றில், குறுக்கீட்டைப் போக்குவதாக நினைத்து முள்ளைத் திருப்பி, முடிசூடிய பாட்டையே கேட்காமல் விட்டிருக்கிறேன்.