புதுப்பிப்பு: எசோபஸ் ஓடைக்குப் போய் வந்தாயிற்று

நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலையில் ஓடும் எசோபஸில் ஏப்ரலில் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) விடலாமா, குளிருக்கு வெட்சூட் (நனைந்தாலும் உடல்சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். சனிக்கிழமை போனோம். போதவில்லை. டிரைசூட் (தண்ணீரே உள்ளே புகாத உடை) வாங்கச் சொன்னவர்கள் சொன்னதே சரி.

ஓடையில் வருவது பனி உருகிய தண்ணீர். போதாததற்கு, நியூயார்க் நகரக் குடிநீருக்காக 1924-இல் திறந்த சுரங்கம் ஒன்று, ஸ்கோஹரி நீர்த்தேக்கத்து நீரை 29 கி.மீ. கொண்டுவந்து இதில்தான் விடுகிறது.

ஃபீனிசியா என்ற ஊருக்கு மேலே, ஓடையின் ஒரு வளைவில் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. கிளைகளுக்கு நடுவே தண்ணீர் சல்லடையில் இறங்குவதுபோல் போகிறது. ஆள் போனால் அங்கேயே சிக்கிக்கொள்ள வேண்டியதுதான். முன்னால் போன நண்பர் விசில் ஊதினார். கரை ஒதுங்கி, கயாக்கைத் தோளில் தூக்கி நடந்தோம். அதில் தப்பித்தவன், அப்புறம் ஒரு சாதாரணப் பாறையில் இடித்துக் கவிழ்ந்தேன்! சில நொடி மூச்சே வரவில்லை. மல்லாந்து, காலை முன்னே நீட்டியபடி மிதந்து கரையேறினேன். விரல்கள் விறைத்துப் போய், ஹெல்மெட் வாரை நண்பர்தான் கழற்றிவிட்டார். துடுப்பு போனது போனதுதான். இந்நேரம் அஷோகன் நீர்த்தேக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

யாரிடமாவது பழைய டிரைசூட் இருந்தால் சொல்லுங்கள். புதுசின் விலையைப் பார்த்தேன், அதுவும் மூச்சை நிறுத்துகிறது.